தூண்டிலுக்கு இல்லை, சாப்பிடத்தான்

ஆக்லாந்துக்கு வந்த நான்கு வருடத்தில் நான் பச்சைச் சாளையை, அதுதான் மத்தி மீனை, கண்ணால் பார்த்ததில்லை. சூப்பர்மார்க்கெட்டில் டப்பாவில் அடைத்தது கிடைக்கும். பெட்ரோல் பங்க் ஃப்ரீசரில், தூண்டில் போடுகிறவர்களுக்காக உறைந்த கட்டி கிடைக்கும். நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த எனக்கு இரண்டும் மீனே இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, நியூ லின் மீன்கடை ஒன்றில், ஐஸ் மேல் ஒரு தட்டு நிறையச் சாளை கிடந்தது. கண் தெளிவாக, வயிறு கெட்டியாக. கூட வந்த கணவரின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.

கடைக்காரர் ஒரு வெள்ளைக்காரர். எவ்வளவு வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டு, இரண்டு கிலோ, தூண்டிலுக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னார். கூடவே ஒரு சிரிப்பு வேறு.

தூண்டிலுக்கு என்றதும் கடைக்காரர் தட்டைத் தொடவில்லை. பின்னால் போய் ஒரு வாளியிலிருந்து அள்ளிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். நான் மரம் மாதிரி நின்றேன். அதற்காக இன்றைக்கும் என்மேலேயே எனக்கு எரிச்சல்.

காரில் கேட்டேன்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"இங்க யாரும் இத சாப்பிட மாட்டாங்கம்மா. அந்த ஆளு ஒரு மாதிரி பார்த்தான்."

"பார்க்கவே இல்ல. நான் அவர் மூஞ்சியத்தான் பார்த்துட்டு நின்னேன்."

"சரி விடு. மீன் கெடச்சிடுச்சுல்ல?"

வண்டியைத் திருப்புங்கள் என்றேன். திருப்பவில்லை. கிளென் ஈடனில் வீட்டுக்குள் நுழைந்ததும் கவரை சிங்கில் கொட்டினேன். பாதிக்கு மேல் வயிறு வெடித்துக் குடல் வெளியே வந்திருந்தது. இவர் கூச்சப்பட்டுக்கொண்டு சாம்பார் சாதத்தைக்கூட ஆபீசுக்குக் கொண்டுபோக மாட்டார். நான் மீன் வறுத்தால் குளிர்காலத்திலும் எல்லா ஜன்னலையும் திறந்துவைப்பார். அதையெல்லாம் பொறுத்திருந்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை. மீனைத் திரும்பக் கவரில் அள்ளிப் போட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கடைக்குத் திரும்பினேன்.

"இது தூண்டிலுக்கு இல்லை. நான் சாப்பிட" என்றேன். கவரை அவர் முன்னால் வைத்தேன்.

கடைக்காரர் கவரைப் பிரித்துப் பார்த்து முகம் சுளித்தார். மீனுக்காக இல்லை, தான் கொடுத்ததற்காக. முதலிலேயே சொல்லியிருந்தால் காலையில் வந்ததையே கொடுத்திருப்பேனே என்று மன்னிப்புக் கேட்டார். தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தார். தலையை வெட்டட்டுமா என்றார். வேண்டாம், நானே ஆய்ந்துகொள்வேன் என்றேன். அவ்வளவுதான். ஏளனமும் இல்லை, ஒன்றும் இல்லை. வராத பார்வைக்குப் பயந்தா என் சாப்பாட்டை இரை ஆக்கினார் இந்த மனுஷன்? திரும்பும் வழியெல்லாம் ஸ்டீயரிங்கை அடித்துக்கொண்டே வந்தேன்.

தேங்காய் அரைத்து, புளி விட்டுக் குழம்பு வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்து, முள்ளை ஒதுக்கி ஒதுக்கி ஐந்து மீன் தின்றார்.

"நல்லா இருக்கு" என்றார்.

எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"இனிமே மீன்கடைக்கு நான் மட்டும்தான் போவேன். நீங்க வர வேண்டாம்."

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் உடனே தலையாட்டினார். அப்பாடா என்று ஒரு நிம்மதி அவர் முகத்தில் பரவியதைப் பார்த்தேன்.