குடை பிடித்து இறங்கிய கதாநாயகன்

வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியவருக்கு அலுவலகத்தில் 'அப்புறம்' என்று பெயர். நசுங்கிய காரோடு வந்து நிற்பவர்கள், "நாய் குறுக்கே வந்துச்சு சார்" என்று ஆரம்பிப்பார்கள். அவர் பம்பரைத் தடவிக்கொண்டே "அப்புறம்?" என்பார். ஏதோ சொல்வார்கள். மறுபடியும் "அப்புறம்?" நாலாவது 'அப்புறம்' வருவதற்குள் நாய் ஓடிப்போயிருக்கும், மச்சானோடு பந்தயம் கட்டி ஓட்டியது வெளியே வந்திருக்கும். தன்னிடம் இதுவரை யாரும் கதை அளந்து தப்பித்ததில்லை என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

ஓய்வு பெற்றபின் இந்த வித்தையை வீட்டில் காட்ட ஆரம்பித்தார். குழாய் ரிப்பேருக்கு வந்த பிளம்பர் ஏன் நேற்று வரவில்லை என்பதற்கு மூன்று 'அப்புறம்' போட, அந்த ஆள் ஸ்பானரை விட்டுவிட்டே போய்விட்டார்.

"ஏங்க, ஊர்ல ஒரு வேலைக்காரனை மிச்சம் வைக்க மாட்டீங்களா?" என்று கத்திய மனைவி, அன்றே மகளுக்குப் போன் போட்டாள். "உங்கப்பாவை எதுலயாவது உக்கார வைடி."

மகள் அனுப்பியது ஒரு டிவிடி பெட்டி. அவர் எட்டு வயதில் பார்த்த பன்னிரண்டு வாரத் தொடர்படம். சனிக்கிழமை மதியக் காட்சியில், பெரிய படத்துக்கு முன்னால் கால்மணி நேரம் ஓடும். தோல் தொப்பி போட்ட விமானி ஒருவன், முகம் காட்டாத கறுப்பு அங்கி வில்லனைத் துரத்துவான். ஒவ்வொரு வாரமும் சரியாக அவன் சாகப்போகிற நேரத்தில் 'தொடரும்' போட்டுவிடுவார்கள். பேசுவது ஒரு வார்த்தை புரியாத பாஷை. யாருக்கு வேண்டும் வார்த்தை? அடி புரிந்தது, போதும்.

ஆறாவது வாரம் விமானி காரோடு மலையுச்சியிலிருந்து பாய்ந்தான். ஏழாவது வாரம் சர்வேயருக்கு அம்மை. உடம்பெல்லாம் கொப்புளத்தோடு படுத்தபடி, தியேட்டருக்குப் போன அக்காவுக்காகக் காத்துக் கிடந்தார். பன்னிரண்டு வயது அக்கா வந்து சொன்னாள்: "காருக்குள்ள ஒரு குடை இருந்துச்சுடா. டக்குனு விரிச்சான். அப்படியே மெதுவா மிதந்து இறங்கிட்டான்."

அம்மை இறங்கிய மறுநாள் அவர் அப்பாவின் குடையோடு வண்டிக்கொட்டகைக் கூரையில் ஏறிக் குதித்தார். குடை உள்பக்கம் வெளியே வந்தது, இடது முழங்கை வேறு திசையைப் பார்த்தது. இன்றுவரை அந்தக் கை முழுதாக நீளாது. அக்காமேல் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. அப்பா வாங்கியது மட்டமான குடை என்பதுதான் அவர் கட்டிய முடிவு.

டிவிடி வந்த சனிக்கிழமை காலையில், ஏதோ ஆய்வுக்குப் போகிறவர்போலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பாகத்திலிருந்தே நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஆறாவது பாகத்தின் கடைசியில் கார் பாய்ந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விமானி உள்ளேதான் இருந்தான், அவரே பார்த்தார். ஏழாவது பாகத்தைப் போட்டார். அதே சாலை, அதே கார். ஆனால் விளிம்புக்குப் பத்தடி முன்னாலேயே விமானி கதவைத் திறந்து குதித்து, புல்லில் இரண்டு உருளல் உருண்டு, தொப்பியைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

சர்வேயர் ஓட்டத்தை நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். பதினோரு தடவை பார்த்தார்.

"இங்க வந்து பாரு! போன பாகத்துல உள்ள இருந்தான், இந்தப் பாகத்துல வெளிய குதிக்கிறான். வாக்குமூலத்தை மாத்தறான்டி! விழற கார் வேற, மாடலே வேற. இஞ்சின்கூட இல்லாத வெத்து டப்பா!"

மனைவி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அது சரி, உங்க குடை எங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கை தானாக முழங்கையைத் தடவியது.

அக்கா அடுத்த தெருவில்தான் இருந்தாள். பிரசவ வார்டு மேட்ரனாக இருந்தவள். டாக்டர்களே அவளைக் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். கூப்பிட்டதும் வந்து, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"ஏழாவது வாரம் தியேட்டருக்குப் போனியாக்கா?"

"போனேன்."

"அப்புறம்?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"என்னடா, என்கிட்டயே உன் ஆபீஸ் வேலையைக் காட்டறியா?"

அவர் மூன்றாவது 'அப்புற'த்தை மிக மெதுவாகச் சொன்னார். அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள், ஜன்னலைப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான பிரசவத்தில் ஒருதடவைகூட நடுங்காத குரல் கொஞ்சம் இறங்கியது.

"நான் அதைப் பாக்கலைடா. லைட்டை அணைச்சதுமே வெளிய ஓடி, கக்கூஸ்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். பெரிய படத்துக்கு மணி அடிக்கற வரைக்கும் அங்கதான்."

"ஏன்?"

"அவன் செத்துட்டா? அதை நான் கண்ணால பாக்கணுமா? அந்த வயசுல எனக்கு அவன்னா உசுருடா."

மனைவி மடித்த துணியில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். "அண்ணி, நீங்களா!"

"சும்மா இரு" என்று அவளை அடக்கிவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள். "நீ வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டியா, எப்படியாவது அவனைப் பொழைக்க வைக்கணும். வெளிய தூறல், என் கையில குடை. சொல்லிட்டேன். நீ கூரை மேல ஏறுவேன்னு யாருடா கண்டா? அடுத்த வாரம் நீ மாவுக்கட்டோட என் பக்கத்துல உக்காந்திருக்க, அவன் முழுசா திரையில வரான். சந்தோஷப்படறதா அழறதான்னே தெரியலை."

சர்வேயருக்குக் கோபம் வரவேண்டும். வரும் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தார். ஆயிரம் புளுகு மூட்டைகளை அவிழ்த்தவர், வீட்டுக்குள்ளேயே ஒருத்தி காதில் சுற்றிய பூவோடு ஐம்பத்தைந்து வருஷம் ஊரெல்லாம் உலாவியிருக்கிறார். யோசிக்க யோசிக்க அவருக்கே சிரிப்பு முட்டியது. அக்காவின் பக்கம் திரும்பி, "போடட்டுமா?" என்றார்.

ஏழாவது பாகம் மறுபடியும் ஓடியது. அக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். விமானி குதித்தான், உருண்டான், தட்டிக்கொண்டான்.

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா. "இதுக்கா கக்கூஸ்ல உக்காந்தேன்? என் குடையே எவ்வளவோ தேவலை."

அன்று சாயங்காலத்துக்குள் மிச்சத்தையும் மூவருமாகப் பார்த்துத் தீர்த்தார்கள். பன்னிரண்டாவது பாகத்தில் வில்லனின் அங்கியை உருவினால், உள்ளே மியூசியத்து குமாஸ்தா. அவன் யாரென்று அக்காவுக்கும் தம்பிக்கும் நினைவே இல்லை. "ரெண்டாவது பாகத்துல காபி கொண்டு வந்தானே, அவன்தான்" என்று மனைவி சொன்னபோதுதான், துணி மடிக்கிற சாக்கில் அவள் காலையிலிருந்து ஒன்றுவிடாமல் பார்த்திருப்பது தெரிந்தது.

அக்கா எழுந்தாள். டிவிடி பெட்டியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "கொண்டு போகட்டுமா?" என்றெல்லாம் கேட்கவில்லை. மேட்ரன்கள் கேட்பதில்லை. சர்வேயர் வாசல்வரை போய், அவள் போட்டுக்கொள்ள வசதியாகச் செருப்பைத் திருப்பி வைத்தார்.