மூன்றாவது குவியல்

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அந்தக் காரியத்தைச் செய்தேன். காபிக்குப் பால் வைக்க கேஸ் அடுப்புப் பக்கம் போனபோது கடிகாரத்தைப் பார்த்ததால் நேரம் நினைவிருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சமையலறை முழுக்க ஸ்பிரிட் நெடி.

சாப்பாட்டு மேசையில் மகளின் அட்டைப்பெட்டி. தூத்துக்குடியிலிருந்து முந்தின நாள் கொண்டுவந்தது. திங்கட்கிழமை திருச்சியில் அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்திடம் காட்ட வேண்டும். உள்ளே இருபத்து மூன்று பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் ஊறும் ஒரு நட்சத்திர மீன், பென்சிலில் நம்பர் எழுதிய ஒரு சீட்டு. வலையில் வந்து மீனவர்கள் கழித்துப் போடுவதைக் கேட்டு வாங்கி, இரண்டு வருஷமாகச் சேர்த்தவை. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். மரபணுச் சோதனையில் இரண்டு இனம் என்று வந்திருக்கிறது. "மிஷின் சொல்லுது, சரி. கண்ணால பாத்து எப்படிப் பிரிக்கிறது?" என்று மேடம் ஒவ்வொரு முறையும் கேட்பாராம். அதற்குத்தான் அவளிடம் பதில் இல்லை.

பாட்டிலில் ஒட்டியிருந்த நெருப்புப் படம் என்னைப் படுத்தியது. வீட்டில் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. பிள்ளை இந்தப் பெட்டியோடு பஸ்ஸில் வேறு வந்திருக்கிறாள். எல்லா பாட்டில்களையும் பெரிய அன்னக்கூடையில் கவிழ்த்து, ஸ்பிரிட்டை வடித்துப் பின்கட்டில் கொட்டினேன். கடல் ஜீவன்தானே என்று கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். மனசு லேசானது. சிறுவாச்சூர் கோயிலுக்கு அம்மாவோடு போயிருந்த மகளுக்கு நானே போன் செய்தேன்.

"பயப்படாதம்மா, ஸ்பிரிட்டைக் கொட்டிட்டு உப்புத் தண்ணி மாத்திட்டேன்."

கோயில் மேளச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து கேட்டாள்.

"எல்லாத்தையுமாப்பா?"

"எல்லாத்தையும்."

"சீட்டு?"

அன்னக்கூடையைப் பார்த்தேன். சீட்டுகள் ஒரு பக்கமாக ஒதுங்கி மிதந்தன. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல்லைச் சோதித்து ரகம் பிரிப்பது என் வேலை. சீட்டு இல்லாத சாம்பிள் சாம்பிளே இல்லை என்று புதிதாகச் சேரும் பையன்களிடம் சொல்கிறவன் நான்.

"அப்பா, உப்புத் தண்ணில இருந்தா அழுகிடும். இப்பவே எடுத்து வேட்டில பரப்புங்க. வெயில் வேண்டாம். வேற ஒண்ணும் பண்ணாதீங்கப்பா, ப்ளீஸ்."

கத்தியிருந்தால் தேவலாம். குரலை இறக்கிச் சொன்னாள். மனைவி போனை வாங்கி, "ஏங்க, ஒரு காபி போட்டுக் குடிக்கச் சொன்னா இவ்வளவு வேலையா?" என்றாள்.

அவர்கள் பெரம்பலூர் வந்து, பஸ் மாறி அரியலூர் வர எப்படியும் இரண்டு மணி நேரமாகும். கூடத்தில் வேட்டியை விரித்து ஒவ்வொன்றாக வைத்தேன். ஃபேனைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். சும்மா உட்கார முடியாமல் ஆபீஸ் லென்ஸை எடுத்தேன்.

சுரங்கத்தில் தூசி படிந்த கல்லெல்லாம் ஒரே வெள்ளை. தண்ணீர் தெளித்தால்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியும். இங்கே நேர்மாறாக இருந்தது. ஈரம் காயக் காய, பளபளப்பு போய்த் தோல் தெளிந்தது. சில மீன்களில் கையின் ஓரத்து முட்கள் நுனிவரை ஒரே வரிசையாகப் போயின. சிலவற்றில் பாதி வழியில் இரண்டு வரிசையாகப் பிரிந்தன. ஒன்றும் பண்ணாதே என்று சொன்னது நினைவிருந்தும் கை கேட்கவில்லை. பதின்மூன்றை இடது பக்கமும் எட்டை வலது பக்கமும் நகர்த்தினேன். இரண்டு மட்டும் எதிலும் சேரவில்லை. முள் வரிசை அடியோடு ஒழுங்கற்றிருந்தது. அவற்றை நடுவில் விட்டேன்.

நெற்றியில் குங்குமத்தோடு மகள் உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, வேட்டி முன்னால் மண்டியிட்டாள். ஒவ்வொன்றையும் நம்பரோடு போட்டோ எடுத்து போனில் வைத்திருந்தாள். சோதனைக்காகக் கை நுனியை வெட்டிய இடம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருந்ததால் அதை வைத்து அடையாளம் பிடித்தாள். நானும் மனைவியும் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தோம். எல்லாச் சீட்டுக்கும் ஆள் கிடைக்க மூன்று மணி ஆகிவிட்டது. பிறகு லேப்டாப்பைத் திறந்து, குவியலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு இப்படி ரெண்டாப் பிரிச்சது?"

"தெரியாம பண்ணிட்டேன்மா."

"மிஷின் பிரிச்ச மாதிரியே பிரிச்சிருக்கீங்கப்பா. எதை வச்சு?"

முட்களைக் காட்டினேன். லென்ஸை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அன்றைக்கு அவள் சிரித்தாள். மனைவி உள்ளே போய் ஒருவழியாகக் காபி போட்டாள்.

இப்போதும் ஸ்பிரிட் நெடி வந்தால் சீட்டுகள் மிதந்த அந்த அன்னக்கூடைதான் கண்ணில் வருகிறது. ஆனால் அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் நிறைவாகத்தான் இருக்கிறது.

நாலரை மணிக்கு, மகள் போனில் சொன்னதைக் கேட்டு, மேடம் திருச்சியிலிருந்து காரில் ஸ்பிரிட் கேனோடு வந்து சேர்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வேட்டியருகே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் லென்ஸால் பார்த்தார். நடுவில் கிடந்த இரண்டில் வெகுநேரம் நின்றார்.

"இதுக்கு சோதனைல என்ன வந்துது?" என்று மகளிடம் கேட்டார்.

"அது ரெண்டுக்கு மட்டும் ரிசல்ட் சரியா வரல மேடம். விட்டுட்டேன்."

"விடாத. திரும்பப் பண்ணு. மூணாவது இனமாக்கூட இருக்கலாம்." கேனைத் திறந்தபடி என் பக்கம் திரும்பினார். "சார், அந்த ரெண்டையும் தனித்தனி பாட்டில்ல போடுங்க. சீட்டு நீங்களே எழுதுங்க. பென்சில்ல."