சரோஜா பார்த்து வைத்த டாக்டர்

போன திங்கட்கிழமை என் மனைவி சரோஜாவை தி. நகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கர்ப்பப்பையில் கட்டி. ஸ்கேன் எடுத்த இடத்தில், உடனே பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன் அந்த ஆஸ்பத்திரி? அதன் நாலு மாடிக்கும் குழாய் போட்டவன் நான். அஞ்சாம் கிளாஸைத் தாண்டாதவன், சிந்தாதிரிப்பேட்டையில் வாஷர் விற்று ஆரம்பித்தவன்... இன்றைக்குப் பாதி மெட்ராஸ் என் பைப்பில்தான் குளிக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான் — ஆனாலும் சொல்வேன்.

மேனேஜரே எழுந்து வந்தார். டோக்கன் கிடையாது. ஏசி ரூம், டிவி எல்லாம் காட்டினார். பெரிய டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கவலையே படாதீங்க, கர்ப்பப்பையை எடுத்துட்டா முடிஞ்சுது" என்றார். என்னிடம்தான். "பிளீடிங் எத்தனை மாசமா?" அதுவும் என்னிடம்தான்.

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றேன்.

வாசலுக்கு வந்ததும் சரோஜா கேட்டாள். "ரெண்டு மாசம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"இல்லையா?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

இப்போது மாசி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாலு மாசத்துக்கு மேல்.

"ஏன் சொல்லல?"

"பொண்ணு கல்யாணம் நடந்துக்கினு இருந்துச்சு. நீங்க மண்டபத்துல குழாய் ஒழுவுதான்னு பாத்துக்கினு இருந்தீங்க."

"சரி, நாளைக்கே இங்க அட்மிட் ஆயிடு. நம்ம ஆஸ்பத்திரி மாதிரி."

"குழாய் உங்களுது. வயிறு என்னுது. மயிலாப்பூர்ல ஒரு லேடி டாக்டர் கீறாங்களாம், மீன்காரம்மா சொல்லிச்சு."

"மீன்காரம்மாவைக் கேட்டா ஆஸ்பத்திரி பாக்கறது?"

"அதுக்கும் இதே கட்டி. இப்ப கூடை தூக்கிக்கினு வருது. உங்க மேனேஜருக்கு வந்துச்சா?"

போனோம். சின்ன நர்சிங் ஹோம். டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "சார், நீங்க வெளிய உக்காருங்க" என்றார். என்னை! கதவும் சாத்தியாகிவிட்டது.

பெஞ்சு முழுக்கப் பெண்கள். நான் ஒருத்தன்தான் ஆம்பளை. வேர்த்துக் கொட்டியது. பக்கத்திலிருந்த அம்மா பாட்டிலை நீட்டினார். "தண்ணி குடி நைனா. உள்ள போனது உன் சம்சாரம்தானே, நீ ஏன் இப்படி கீற?"

வெகுநேரம் கழித்து சரோஜா வந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"கெட்ட கட்டியான்னு கேட்டேன். தெரியாது, கொஞ்சம் சுரண்டி லேபுக்கு அனுப்பிப் பாக்கணும்னாங்க. எடுக்கணுமா வேணாமான்னு அப்புறம்தானாம்."

"தெரியாதுங்கறவங்ககிட்டயா உடம்பைக் குடுக்கறது?"

"அங்க என்னை ஒரு வார்த்தை கேக்காமயே கவலைப்படாதன்னாங்க. எனக்கு அதான் பயமா இருந்துச்சு."

பெண்சாதியின் உடம்பைப் பற்றி டாக்டர் கேட்டால் ஆம்பளைகள் நாம் ஏன் முந்திக்கொண்டு பதில் சொல்கிறோம்? வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாத நாம்...

நேற்று சுரண்டி எடுத்தார்கள். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமைதான் வரும். சரோஜா நர்சிங் ஹோம் கட்டிலிலேயே ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள்.

அவளுக்குப் பிரஷர் பார்க்க வந்த நர்ஸிடம் நான்தான் கையை நீட்டினேன்.