மாடத்தி நிறுத்தி வைத்த முந்நூறு

தாயில்பட்டி மாடத்திக்குச் சனிக்கிழமை எவ்வளவு கூலி என்று அவள் வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை. பின்னின சரத்துக்குத்தான் காசு என்பதால் கூட்டியோ குறைத்தோ சொல்லிக்கொள்ள வசதி. வாரா வாரம் முந்நூறு ரூபாயைப் போர்மேன் தங்கச்சாமியிடமே நிறுத்தி வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். இப்படி நாலு வருசம்.

அந்தக் கம்பெனியில் பாதிப் பெண்கள் அப்படித்தான். பேங்கில் போடலாமே என்று கேட்கிறவர்களுக்கு என்ன தெரியும்? மாடத்தி பேரில் பாஸ்புக் இருந்தது. பணம் ஏறினால் மெசேஜ் போவது புருசன் சுடலையின் போனுக்கு. தீபாவளிச் சீட்டும் போட்டுப் பார்த்தாள். சீட்டுக்காரி குடும்பத்தோடு திருப்பூருக்குக் கம்பி நீட்டிவிட்டாள். தங்கச்சாமி அப்படியில்லை, நாணயமான ஆள். கையெழுத்து கிடையாது, துண்டுச்சீட்டு கிடையாது, ஆனால் ஒரு ரூபாய் பிசகாது.

சுடலை குடிகாரன் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், பாவம். லோடு ஏற்றுகிற வேலை, பீடி ஒன்றுதான் பழக்கம். அவனைப் பிடித்த ஒரே பீடை, விசேஷ வீடுகளில் மொய்யும் சீரும் வைக்கிற செய்முறை. சொந்தத்தில் ஒரு காதுகுத்தை விடமாட்டான். "போட்டது திரும்பி வரும், அதுவும் சேமிப்புதான்" என்பான். கண்ணில் காசு பட்டால் அது எவன் வீட்டு மொய் நோட்டிலாவது போய் உட்கார்ந்துவிடும். அதனால்தான் மாடத்தி மூச்சுவிடவில்லை.

எல்லாம் ஒரே மகள் பானுப்பிரியாவுக்காக. நர்சிங் படிக்க வை என்று பள்ளிக்கூடத்து இசபெல் டீச்சர் சொன்ன அன்று தொடங்கியதுதான் இந்த முந்நூறு. இந்த வருசம் பிளஸ் டூ முடித்து, விருதுநகரில் ஒரு காலேஜில் இடமும் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் ஐம்பதாயிரம் கட்ட வேண்டும்.

"ஒங்கப்பாகிட்ட கேக்காத. எங்கிட்ட இருக்கு" என்றாள் மாடத்தி.

பானு முதலில் நம்பாமல் சிரித்தாள். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மாடத்தி தங்கச்சாமியிடம் போய் நின்றாள். "அண்ணே, எம்பணத்தை மொத்தமாக் குடுத்துருங்க. பிள்ளைக்குப் பீசு கட்டணும்."

தங்கச்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா இப்படிக் கேக்க? அதை மாசியிலயே ஒன் வீட்டுக்காரரு வாங்கிட்டுப் போயிட்டாரே. ஒம்பேருல அட்வான்ஸ் கேட்டு வந்தாரு. எதுக்கு அட்வான்ஸ், ஒங்க காசே ஐம்பத்தஞ்சாயிரம் இங்கன கெடக்குன்னு எடுத்துக் குடுத்தேன். அதுக்கப்புறம் சேந்தது ஆறாயிரந்தான் இருக்கு. ஒனக்குத் தெரியாதா?"

அவர் மேல் என்ன தப்பு? இந்தப் பக்கம் பொம்பளை பேரில் அட்வான்ஸ் வாங்க ஆம்பளை வருவதுதான் வழக்கம். புருசனிடம் சொல்லாதீர்கள் என்று அவளும் ஒருநாள் வாய்திறந்து சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மாசியில்தான் சுடலையின் தங்கச்சி பத்திரகாளி மகளுக்கு அச்சங்குளத்தில் சடங்கு. தாய்மாமன் சீர் அமர்க்களப்பட்டது. இருபத்தோரு தட்டு, பட்டுச்சேலை, ஒரு கிராமில் மோதிரம், கொட்டுமேளம், எல்லார் முகமும் போட்ட பிளக்ஸ். ஏது இம்புட்டுப் பணம் என்று அப்போதே கேட்டாள். "எங்க லோடு ஆபீஸ்ல அட்வான்ஸ்" என்றான். அவளும் புதுச்சேலை கட்டி, முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கச் சிரித்தபடி நடந்தாள். மகளின் காலேஜைத்தான் தட்டில் வைத்துத் தூக்கிப் போயிருக்கிறாள், மடச்சி.

வீட்டில் சுடலை கத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"எங்காசுன்னு தெரிஞ்சே எடுத்தீகளா?"

"தெரிஞ்சேதான் எடுத்தேன். நாலு வருசம் எனக்குத் தெரியாமச் சேத்திருக்க. அதை நான் அந்த போர்மேன் வாயால கேட்டு, என்னமோ தெரிஞ்சவன் மாதிரி நின்னேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"பிள்ளை படிப்புக்குன்னு வச்சதுங்க."

"அதை எங்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லைதான்.

சுடலை கொஞ்சம் இறங்கிவந்தான். "எங்கயும் போயிறாது, இவளே. பானு கல்யாணத்துல எந்தங்கச்சி ரெட்டிப்பாத் திருப்பிச் செய்வா. ஒரு மாப்பிள்ளை பாத்துட்டா அம்புட்டும் வந்துரும்."

கதவோரம் நின்றிருந்த பானு அதைக் கேட்டாள். உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடத்தி முதலாளி வீடுவரை போய் அட்வான்ஸ் கேட்டாள். ஆர்டர் இல்லை, பத்தாயிரம்தான் தரமுடியும் என்றார். அடகு வைக்க நகை இல்லை; காதில் கிடந்தது கவரிங். திங்கட்கிழமை போனது. காலேஜ் இடமும் போனது.

அடுத்த வாரம் பானுவும் அம்மாவோடு கம்பெனி வேனில் ஏறினாள். பதினெட்டு முடிந்துவிட்டதால் வேலைக்குத் தடையில்லை. பரீட்சைக்குப் படித்த மாதிரியே குனிந்த தலை நிமிராமல் சரம் பின்னினாள். இரண்டே நாளில் நூல் அறுத்து விரலெல்லாம் கோடு விழுந்தது. மாடத்தி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை கூலி வாங்க இருவரும் வரிசையில் நின்றார்கள். தங்கச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாப்பா கூலியில வாரம் முந்நூறு இங்கன நிறுத்தி வைக்கட்டுமா மாடத்தி? இனி யாரு கேட்டாலும் குடுக்கமாட்டேன்" என்றார்.

மாடத்தி மகள் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம் மாமா, எல்லாத்தையும் எங்கப்பாகிட்டயே குடுத்துருங்க. எங்கல்யாணத்துல ரெட்டிப்பாத் திரும்பி வருமாம்" என்றாள் பானு.