தொட்டி நிறைந்ததாகச் சொன்ன விளக்கு

சங்கிலி என்ற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது குச்சனூர்க் கோயிலில், ஓர் ஆடிச் சனிக்கிழமை. எள் விளக்குப் போட்டுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். என் தங்கை ராஜாத்தியின் வீட்டுக்காரர் அம்மாவாசி பேச்சை எடுத்தார்.

"மதினி, தேவாரம் ஊருல சங்கிலின்னு ஒரு பையன். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைக்கு மருந்தடிக்கிறான். டிரம்மத் தொறக்காமயே, விரலால தட்டிப்பிட்டு உள்ள எத்தன லிட்டரு கெடக்குன்னு சொல்லிருவானாம்."

"பொண்ணு பாக்க வந்தா அவ தலையிலயும் தட்டிப் பாப்பானோ?" என்றேன்.

"தட்டட்டும்க்கா. மாயக்கா தலைக்குள்ள என்ன இருக்குன்னு பெத்த எனக்கே இன்னுந் தெரியல" என்றாள் ராஜாத்தி.

சிரித்தபடியேதான் பேச்சு முடிந்தது. சங்கிலியின் அப்பா, அம்மாவாசியின் பெரியப்பன் மகளுக்குக் கொழுந்தன். அதனால் முறை சரியாகவே இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய முறை ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. எங்கள் தம்பி சுந்தர்ராஜ்தான் மாயக்காளுக்குத் தாய்மாமன். அவன் மகன் வினோத்ராஜ் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுப்பதானால், வெற்றிலை பாக்கு வைத்து அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வினோத்ராஜ் அப்போது வயரிங் வேலை பழகக் கேரளாவுக்குப் போயிருந்தான். பையன் ஊரிலேயே இல்லையே என்று அம்மாவாசி கேட்காமல் முடித்துவிட்டார். தாய்மாமன் போட வேண்டிய மாலை வரவேயில்லை. சுந்தர்ராஜ் அதற்குப் பிறகு ராஜாத்தி வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம் சங்கிலி மருந்துதான் அடித்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்களே, அந்த நீலம் அவர் நகக்கண்ணிலிருந்து போனதேயில்லை. பிறகு கையெல்லாம் தடித்து, தோல் உரிந்து, இனி மருந்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தபோது ஆலப்புழையிலிருந்து போன் வந்தது. கூப்பிட்டவன் வினோத்ராஜ்.

"அண்ணே, இங்கன தங்குற படகுல மோட்டாரு, பம்பு பாக்க ஆள் தேடுறாக. நான் சொல்லி வச்சிருக்கேன். கெளம்பி வாங்க."

"குத்திக் காட்டுறதுக்குக் கூப்பிடுறானோ?" என்று ராஜாத்தி சந்தேகப்பட்டாள்.

"ஆத்தா, நீ செஞ்சதுக்கு அவன் குத்தலன்னாத்தான் அதிசயம். அவுக போகட்டும்" என்றாள் மாயக்காள்.

சங்கிலி போனார். குரியச்சன் என்ற முதலாளிக்கு ஆறு படகுகள். ஆறுக்கும் கரண்ட் வேலை வினோத்ராஜ். அதில் மூன்று அறை உள்ள ஒரு படகு சங்கிலியின் பொறுப்பு. படகில் தங்குகிறவர்களின் கக்கூஸ் கழிவைப் படகு ஓடுகிற காயலில் விடக்கூடாது. தரைப்பலகைக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி இருக்கும். நிறைந்ததும் கரைக்குக் கொண்டுபோய், சுத்தம் செய்கிற இடத்தில் உறிஞ்சிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு பலகையில் நாலு விளக்கு காட்டும். தொட்டி மூடியிலிருந்து உள்ளே நீளமும் குட்டையுமாக ஐந்து கம்பிகள் தொங்கும். ஒரு கம்பி பொதுவானது. மற்ற நாலில் எது வரைக்கும் தண்ணீர் தொடுகிறதோ அது வரைக்கும் கரண்ட் பாய்ந்து விளக்கு எரியும். முதல் மூன்றும் பச்சை, நாலாவது விளக்கு சிவப்பு. சிவப்பு எரிந்தால் தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதையெல்லாம் மாட்டியது வினோத்ராஜ்தான்.

முதல் வருஷம் நன்றாக ஓடியது. இரண்டாம் வருஷம் மழைக்குப் பிறகு ஒரு நாள் சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவேயில்லை. கரைக்குப் போய்த் தொட்டியைக் காலி செய்தார்கள். அப்போதும் எரிந்தது. மறுநாள் வெறும் தொட்டியோடு கிளம்பினார்கள், அப்போதும் எரிந்தது. வினோத்ராஜ் பலகையைக் கழற்றிப் புதுப் பலகை மாட்டினான். போட்டவுடன் நாலு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

"வேற மாடல் போட்டுப் பாக்குறேன்" என்றான்.

"மூடியத் தொறந்து கம்பியப் பாத்தியாடா?" என்று சங்கிலி கேட்டார்.

"அதத் தொறந்தா மூணு நாளைக்குச் சோறு எறங்காதுண்ணே. தப்பு பலகையிலதான்."

இரண்டாவது பலகையும் அதையே காட்டியது. வெள்ளிக்கிழமை படகைச் சோதிக்க அதிகாரி வருவதாக இருந்தது. அவர் வரும்போது சிவப்பு எரிந்தால், கழிவை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள் என்று அனுமதியை நிறுத்திவிடலாம். வியாழக்கிழமை காலையில் குரியச்சன் வந்தார். அவர் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம்.

"எடா வினோதே, லைட்டு சொல்றது நேரோ, நீ சொல்றது நேரோ? ரெண்டு பலகை மாத்திட்டே. நாளைக்குக் கோட்டயத்துலேர்ந்து வேற ஆள் வர்றான். இனி என் படகுல நீ கை வைக்க வேண்டாம். ஆறுலயும் வேண்டாம்."

வினோத்ராஜ் மற்ற ஐந்து படகுகளில் கிடந்த தன் சாமான்களை எடுத்துவரப் போனான்.

படகில் சங்கிலி மட்டும் இருந்தார். தரைப்பலகையைத் தூக்கிவிட்டுத் தொட்டியின் பக்கவாட்டில் அடியிலிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்தார். அடியில் ஒரு சாண் வரைக்கும் தொப்பென்று அமுங்கிய சத்தம், அதற்கு மேலே டொம்மென்று வெற்றுச் சத்தம். டிரம் என்றால் அவருக்கு அதுவே போதும். ஆனால் விளக்கு நிறைந்ததாகச் சொல்கிறதே. மூடிமேல், சிவப்பு விளக்குக்கான கம்பியின் வயரை மட்டும் கழற்றினார். போய்ப் பார்த்தார், சிவப்பு அணைந்திருந்தது. மாட்டினார், எரிந்தது. அப்படியானால் பலகை நல்லது, வயரும் நல்லது. கோளாறு மூடிக்குக் கீழே.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ரப்பர் உறை மாட்டி, மூடியைக் கழற்றி வெளியே எடுத்தார்.

ஐந்து கம்பிகளும் மூடியோடு சேருகிற இடத்தில் ஈரமாக, கெட்டியாக ஒரு படிவு ஏறி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியிருந்தது. தண்ணீரே தொடாமல் அந்த ஈரப் படிவு வழியாகவே கரண்ட் ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்குப் போயிருக்கிறது. அந்தப் படிவு வெளிர்நீலம்.

அந்த நீலம் எங்கள் பள்ளத்தாக்கில் யாருக்கும் தெரியும். திராட்சைப் பந்தல் கம்பியில் இருக்கும், இலையில் இருக்கும், காயப்போட்ட வேட்டியில் இருக்கும். ஆலப்புழைக் காயலில் அது எப்படி வரும்? சங்கிலிக்கு மட்டும் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், தங்க வந்த ஒரு குடும்பம் நாற்றம் தாங்கவில்லை என்று பாதியில் இறங்கிப் போய்விட்டது. அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது இவர் துத்தமும் சுண்ணாம்பும் பொட்டலம் கட்டிக்கொண்டு போய், கரைத்து, மூடி ஓரத்து ஓட்டை வழியாக வாரம் ஒருமுறை ஊற்றியிருக்கிறார். தோட்டத்தில் எந்த அழுகலுக்கும் அதுதானே மருந்து? நாற்றமும் குறைந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மூடியை மடியில் வைத்துக்கொண்டு மாயக்காளுக்குப் போன் போட்டார். அவள் அப்போது என் பக்கத்தில்தான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். போனைச் சத்தமாக வைத்திருந்ததால் நானும் கேட்டேன்.

"சுரண்டித் தொடச்சுப்பிட்டா ஒருத்தருக்கும் தெரியாது மாயக்கா. நாளைக்கு வர்ற ஆளு மாட்டுற புதுப் பலகை நல்லா எரியும். அம்புட்டுத்தான்."

"அப்ப வினோத்து?"

"அவனுக்கு வேற படகு கெடைக்காதா?"

மாயக்காள் கையிலிருந்த மொச்சையைக் கீழே போட்டாள்.

"ஏங்க, அவனுக்குப் போட்ட எலையில நீங்க உக்காந்து சாப்புட்டீக. அவன் ஒண்ணுஞ் சொல்லல. இப்ப எச்சி எலையையும் அவனையே எடுக்கச் சொல்லுவீகளா?"

போனில், படகில் தண்ணீர் மோதுகிற சத்தம் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் என் தம்பி மகன், இன்னொருவர் என் தங்கை மருமகன். எந்தப் பக்கம் பேசினாலும் என் வாய்தான் பொல்லாத வாயாகும்.

"வச்சிர்றேன்" என்று சொல்லிச் சங்கிலி போனை வைத்தார்.

மூடியைத் துடைக்காமல் அப்படியே ஒரு சாக்கில் சுற்றி, குரியச்சன் இருந்த இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். வினோத்ராஜும் சாமான் பையோடு அங்கேதான் நின்றான். சாக்கைப் பிரித்தவுடன் முதலாளி நாற்காலியை நாலடி பின்னால் தள்ளினார்.

"மொதலாளி, இது வினோத்து தப்பில்ல. நாத்தத்துக்கு நான் ஊத்துன மருந்து இது. திராட்சைக்கு அடிக்கிற துத்தம்."

"துத்தமோ? எடா பாவி, அது மீனைக் கொல்ற விஷமல்லே? காயல்ல சிந்திருந்தா?"

"அது எனக்குத் தெரியல மொதலாளி."

பிறகு அங்கேயே கரையில் உட்கார்ந்து, புளியைக் கரைத்துத் தேங்காய் நாரால் ஐந்து கம்பிகளையும் தேய்த்தார். செம்புப் பானை தேய்க்கிற மாதிரிதான். கெட்டியாக இருந்த படிவு நுரைத்துக்கொண்டு கழன்றது. தேய்த்த தண்ணீரை ஒரு துளியும் காயலில் விடாமல் வாளியில் பிடித்தார். வினோத்ராஜ் மூடியை மாட்டினான். முதலில் கழற்றி வைத்த பழைய பலகையையே திரும்ப மாட்டியபோது, ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வினோத்ராஜுக்கு ஆறு படகுகளும் திரும்பக் கிடைத்தன. சங்கிலியை அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார் குரியச்சன். அவரைக் குறை சொல்ல முடியாது. பஸ் நிலையம் வரைக்கும் வினோத்ராஜ் கூட வந்தான். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் பக்கம் வந்து, "ஏண்ணே, மூணு மாசமா எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. ரெண்டு பலகைய வீணா மாத்துனேனே" என்றானாம்.

பிறகு ஒன்றரை மாதம் அவர் தேவாரத்தில் சும்மா இருந்தார். வினோத்ராஜே இன்னொரு முதலாளியிடம் பேசிச் சேர்த்துவிட்டான். துத்தம் கதையையும் மறைக்காமல் சொல்லித்தான் சேர்த்தான்.

போன ஆடியில் குச்சனூரில் சுந்தர்ராஜைப் பார்த்தேன். ராஜாத்தி எனக்குப் பின்னால் நின்றாள். அவளை அவன் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.

"எக்கா, மாயக்கா வீட்டுக்காரரு இப்ப எங்கன இருக்காக?"

நான் சொல்வதற்குள் ராஜாத்தியே சொன்னாள். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். அவள் சொன்னது இதுதான். சங்கிலி இப்போது குமரகத்தில், இரண்டு அறை உள்ள ஒரு படகில் மோட்டார் பார்க்கிறார்.