மீட்டர் முள் விழுந்த இடம்

எங்கள் வீட்டுக் காருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஆறாம் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அப்படியொரு கார் வேறு யார் வீட்டிலும் இல்லை என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிதில் சித்தப்பா வாங்கிய வெள்ளை கார் அது. செகண்ட் ஹேண்ட்தான். ஆனாலும் கார்ப்புரேட்டர் கிடையாது, கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து விடும் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். பட்டுச் சேலைகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு சென்னைக் கடைகளுக்குப் போய் வருவார். மூன்று மாதம் ஒரு குறையுமில்லை. வைகாசியில் அவருக்குக் கல்யாணம் ஆனது. தென்னேரியில் பெண் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு புதுச் சித்தியோடு திரும்பும்போது, ஐயம்பேட்டை தாண்டியதும் வண்டி விக்கல் எடுத்ததுபோல் உதறியது. அதன் பிறகு தினமும் உதறியது.

மெக்கானிக் பிளக்கை மாற்றினார், பெட்ரோல் பில்டரை மாற்றினார், கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். அத்தை, அதாவது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா, எலுமிச்சம்பழம் கட்டினாள், பூசணிக்காய் உடைத்தாள். அதற்கும் அடங்காததால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"நல்லா ஓடிக்கினு இருந்த வண்டிபா. இவ ஏறி உக்காந்த அன்னிக்கே உதற ஆரம்பிச்சிடுச்சி. ஆடிக்கு அவங்கப்பா வந்து அழைச்சிக்கினு போவட்டும். ஜாதகத்த இன்னொரு தபா பாத்துட்டு அப்பறம் கூப்பிட்டுக்கலாம்."

சித்தப்பா கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆடி மாதம் புதுப்பெண்கள் அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம்தானே? தென்னேரி ஏரியைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நான் சித்தியை நச்சரித்தேன். அவள் நீலப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சித்தி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். மறுநாள் பக்கத்திலிருக்கும் ஓரிக்கைக்கு மூவரும் காரில் கிளம்பியபோது என்னை முன்சீட்டில் ஏற்றிவிட்டு, "ரோட்ட பாக்காதம்மா. சித்தப்பா காலயே பாத்துக்கினு வா. எப்ப உதறுதுன்னு சொல்லு" என்று காதோடு சொன்னாள்.

குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் ஒன்றுமில்லை. நன்றாக அழுத்தினாலும் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் இடம். கால் அங்கே போய் நின்றால் போதும், உதறல்தான்! மேடானாலும் பள்ளமானாலும் அதே இடம். பேய் சித்தப்பாவின் காலடியில் இருப்பதைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று வீடு வரும்வரை கத்திக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி பானட்டைத் திறந்தாள். இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயோரம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புச் சாமான் இருந்தது. அதற்கு சென்சார் என்று பேராம். மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலையாம். அதிலிருந்து மூன்று ஒயர்கள் போயின. முந்தானையிலிருந்த சேப்டி பின்னைக் கழற்றி அவற்றில் ஒன்றின் ஓரமாகச் செருகினாள். மின்சாரத்தை அளக்கும் தன் கல்லூரிக் காலத்து மல்டிமீட்டரை அந்தப் பின்னோடு இணைத்து, முள்ளைப் பார்க்கச் சொல்லி என் கையில் கொடுத்தாள். இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பும்படி சித்தப்பாவிடம் சொன்னாள். அத்தை கைகளைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

சித்தி அந்தக் குழாயில் மிதியை அழுத்தினால் திறக்கும் காற்றுக் கதவை விரலால் மெதுவாகத் திறந்தாள்.

"ஏறுது சித்தி... ஏறுது... இன்னும் ஏறுது..." முள்ளையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். "ஐயோ, விழுந்துடுச்சி!"

முள் பொத்தென்று கீழே போய்விட்டு மறுபடி மேலே தாவியது. இன்னொரு முறை திறந்தாள். அதே இடத்தில் விழுந்தது. சித்தப்பா திறந்து பார்த்தார், அவருக்கும் விழுந்தது. நான் மீட்டரோடு குதித்ததில் சேப்டி பின்னே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"அக்கா, இங்க வந்து பாரு!" என்று சித்தப்பா கத்தினார். அவர் அத்தையிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அத்தை வந்து குனிந்து பார்த்தாள். சித்தி பணிவாகத்தான் சொன்னாள்: "உள்ள தேஞ்சி போச்சிங்க, அண்ணி. கால் அதிகமா நிக்கிற எடத்துல தேயும். நீங்க வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே தேய ஆரம்பிச்சிருக்கும்."

சொல்லிவிட்டுத் திரும்பியவளின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர் கொட்டியது. பெட்ரோல் பட்டுவிட்டதாக்கும் என்று நான் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

சென்னையிலிருந்து புது சென்சார் வந்து மாட்டியதும் வண்டி வெண்ணெயாக ஓடியது. பூசணிக்காய் வேலை செய்ய ஒரு மாதம் ஆகும் என்றாள் அத்தை. ஆடிக்குத் தென்னேரி போன சித்தியை ஆவணி முதல் தேதியே அதே காரில் அழைத்துவந்தோம். அத்தைதான் முன்சீட்டில் உட்கார்ந்து போனாள்.

கழற்றிய அந்தக் கறுப்புச் சாமானைச் சித்தி எனக்குக் கொடுப்பாள் என்று நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பேயைக் காட்டுகிறேன் என்று வாக்கு வேறு கொடுத்திருந்தேன். கேட்டதையெல்லாம் கொடுக்கிற சித்தி, அதை மட்டும் தரவில்லை. துணியில் துடைத்து, நகைப்பெட்டியில் தன் கல்யாணத் தோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். கெட்டுப்போன சாமானுக்கா இவ்வளவு கஞ்சத்தனம் என்று இரண்டு நாள் நான் அவளோடு பேசவே இல்லை.