ஒன்பது கட்டங்கள்

பிள்ளைகளா, ஜாலான் புசார் சாலைக் கடையில் நான் பெயர்ப்பலகை வெட்டுவது உங்களுக்குத் தெரியும். அங்கே நான் செய்த ஒரு பிழையை இதுவரை உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை.

ஒரு மத்தியானம் வயதான அம்மா ஒருவர் ஒரு கோப்பு இருந்த தம்ப் டிரைவோடு வந்தார். அவருடைய கணவர், சூடானில் கிடைத்த பழைய மெரோயே நாட்டுப் பானை ஓடுகளின் படங்களைப் பார்த்து, அவற்றிலிருந்த எண்களைக் கணினியில் ஏற்றி வந்தவராம். அந்த மக்களின் எழுத்தை வாய்விட்டு வாசிக்கலாம், மொழிதான் பெரும்பாலும் புரியாது. எண்கள் மட்டும் புரியும். எத்தனை என்று தெரியும், எதை எண்ணினார்கள் என்று தெரியாது.

"அவரு கண்ண மூடுறதுக்கு முந்தின நாள் தட்டுன எண் வரிசை தம்பி. பித்தளையில வெட்டிக் குடுங்க, அவரு படத்துக்குக் கீழ மாட்டணும். லேப்டாப்பையும் குடுத்துட்டோம், இது ஒண்ணுதான் இருக்கு."

திறந்தேன். திரையில் ஒன்பது காலிக் கட்டங்கள். எங்கள் தொழிலில் கோப்பைத் திறந்ததும் எழுத்தையெல்லாம் வெறும் கோடுகளாக மாற்றி அதே கோப்பிலேயே சேமித்துவிடுவோம். அப்போதுதான் வெட்டும் இயந்திரம் அதை எடுத்துக்கொள்ளும். யோசிப்பதற்குள் என் கை அதைச் செய்துவிட்டது.

பிறகுதான் மூத்தவளே, உனக்குப் போன் போட்டேன்.

"கட்டம் வந்தா பயப்படாதீங்கப்பா. ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள ஒரு நம்பர் இருக்கும். அந்த எழுத்துக்கான ஃபான்ட் போட்டா வந்துரும் லா."

"நான் கோடா மாத்தி சேவ் பண்ணிட்டேனே."

"அப்ப உள்ள நம்பர் ஒண்ணும் இல்லப்பா, வெறும் கட்டம்தான்."

ஃபான்ட் போட்டும் பார்த்தேன். கட்டங்கள் அசையவில்லை. ஒன்பது மூடிய சன்னல்கள் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அந்த அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், ஒவ்வொரு கட்டத்துக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆமாம், பார்க்கவில்லை, காது கொடுத்துக் கேட்டார்.

"இப்படியே வெட்டுங்க."

வெட்டினேன். இயந்திரத்தின் ஊசி கடைசிக் கட்டத்தைச் சுற்றி வந்தபோது, அதன் நடுவிலிருந்த பித்தளை மட்டும் மங்கிக்கொண்டே போனது. வாய் வைத்து ஊதினால் கண்ணாடி மங்குமே, அப்படி. துடைக்கத் துணியை எடுத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம் தம்பி. அவரு இன்னும் எண்ணி முடிக்கல."